ஒரே ரத்தம்தானே

இல்லைங்க மேடம், ரிப்போர்ட் வாங்க வரல. ரிப்போர்ட் அப்பவே வந்து, டாக்டர் பார்த்து, கையெழுத்தும் போட்டாச்சு. நான் சும்மா... கதவு திறந்திருந்துச்சு, நீங்க டீ குடிச்சிட்டு இருந்தீங்க, அதான் உள்ள வந்துட்டேன். வெளியாட்கள் வரக்கூடாதுன்னு போர்டு இருக்கு, படிச்சேன், படிக்காம வரல. ரெண்டே நிமிஷம். உக்காரலாமா?

தண்ணியெல்லாம் வேணாம். சரி, குடுங்க.

எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா கோவமா இருக்கேன்னு அர்த்தம், நிறுத்தாம பேசினா பயந்து போயிருக்கேன்னு அர்த்தம்னு. இப்போ நிறுத்தாமத்தான் பேசப்போறேன், கோச்சுக்காதீங்க.

மணி என்ன ஆகுது? பத்து இருபதா. உங்க கடிகாரம் சரியா ஓடுதுல்ல? மேல ஊசி போடுற ரூம்ல நான் எந்திரிச்சு வரப்போ பத்து பதினாறு. சரி, ரெண்டும் ஒத்துப்போகுது. அப்போ இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

எதுக்கு இருபது நிமிஷமா? மேல என் தங்கச்சி உக்காந்திருக்கா. மூட்டு வாதத்துக்கு ஊசி. முதல் ஊசி, இன்னிக்குத்தான். பத்து பத்துக்கு ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்து தட்டுல வெச்சாங்க. எடுத்த கையோட போடக்கூடாதாமே, குளிர் போகணும், அரை மணி நேரம் அப்படியே விட்டுடுவோம்னு நர்ஸம்மா சொன்னாங்க. தடிப் பேனா மாதிரி இருக்கு. ஒரு தட்டு, அந்தப் பேனா, ஒரு துண்டு பஞ்சு. அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பத்து நாற்பதுக்குப் போட்டுடுவாங்க. போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாதுல்ல?

ஆமா, அசட்டுக் கேள்விதான். போட்ட ஊசிய யார் திரும்ப எடுப்பா.

அதுக்கு முன்னாடி உடம்புல டிபி ஒளிஞ்சிருக்கான்னு ஒரு ரத்த டெஸ்ட் பார்ப்பாங்கல்ல, நாலு ட்யூப்ல எடுப்பாங்களே, அதை இங்க நீங்கதான் பண்றீங்கன்னு வெளிய சொன்னாங்க. அதைப் பத்தி ஒரு விஷயம் கேக்கணும். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், நான் மேல போய் அவ பக்கத்துல உக்காந்துடுவேன்.

மேடம்னு கூப்பிட வேணாமா? சரி, அக்கான்னு கூப்பிடுறேன். பழக்கமே இல்லாத வார்த்தை. எனக்கு மேல யாரும் கிடையாது, எங்க வீட்ல நானேதான் அக்கா. எனக்கு ஆறு வயசு இருக்கும்போது அவ பிறந்தா. அப்போ இருந்து அவளுக்கு எது வேணும்னாலும் முதல்ல என் முகத்தைத்தான் பார்ப்பா. கல்யாணம் வேணாம்னு அவ சொன்னப்பக்கூட வீட்ல எல்லாரும் என்னைத்தான் திட்டினாங்க, நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்தேன்னு. இப்போ என் வீட்லதான் இருக்கா.

அவளுக்கு என்ன வேலையா? கண்ணாடிக் கடைல. மூக்குக் கண்ணாடி. ஃப்ரேம்ல லென்ஸ் மாட்டுறது, காது மடக்குற இடத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கும் பாருங்க, எறும்பு தலை அளவுக்கு, அதைப் போடுறது. அவ போட்டா கழண்டுக்காது. ஊர்ல பாதிப் பேர் மூக்குல என் கைதான் உக்காந்திருக்குன்னு பீத்திக்குவா. அந்த விரல்தான் அக்கா போச்சு. மூணு வருஷமா. காலைல எந்திரிச்சா ரெண்டு கையும் மூடினது மூடினபடி இருக்கும். குழாயைத் திறக்க முடியாது, ஜடை பின்ன முடியாது. நான் ஓட்டல்ல துணிகளைத் துவைச்சு வெளுத்து மடிக்கிற இடத்துல வேலை பார்க்குறேன், ஒரு நாளைக்கு நூத்தம்பது பெட்ஷீட் மடிப்பேன். வீட்டுக்கு வந்தா என் தங்கச்சி விரலை ஒண்ணொண்ணாப் பிரிப்பேன். பெட்ஷீட்டே தேவலை.

மாத்திரைங்க நிறைய சாப்பிட்டா. முகம் உப்பிப் போற மாத்திரை, ஸ்டீராய்டு, அதுவும். முகம் உருண்டையாச்சு, விரல் அப்படியேதான் இருந்துச்சு. அப்புறம்தான் டாக்டர் இந்த ஊசியைச் சொன்னாரு. உன் உடம்புல இருக்கிற காவல்காரன் புத்தி கெட்டுப்போய் வீட்டுக்காரனையே அடிக்கிறான்மா, இந்த ஊசி அவன் கையைக் கட்டிப்போடும்னாரு. அவ சிரிச்சுட்டா. கட்டிப்போடுங்க டாக்டர், நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னா. அதுக்கு அவரு, ஆனா காவல்காரன் கையைக் கட்டுறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள திருடன் எவனாவது பரண் மேல தூங்குறானான்னு பார்த்துடணும்னாரு. அந்தத் திருடன்தான் டிபியாம். உள்ள இருக்குமாம், ஆனா இருமல் கிடையாது, காய்ச்சல் கிடையாது, அடுத்தவங்களுக்கு ஒட்டாதாம். சும்மா தூங்குமாம். காவல் இருக்கிற வரைக்கும் தூங்கும். காவலைக் கட்டிட்டா...

எக்ஸ்ரேவா, எடுத்தோம். சுத்தமா இருக்குன்னுட்டாங்க. தூங்குறவன் எக்ஸ்ரேல தெரிய மாட்டானா? அதுக்குத்தான் ரத்தமா. ம்.

பத்து இருபத்தி நாலு.

ஊசின்னா அவளுக்கு ஆகாது அக்கா. சின்ன வயசுல இருந்தே. நரம்பும் உள்ள ஓடிடும். முதல் தடவை இங்க கவுன்ட்டர்ல நாலு இடத்துல குத்தினாங்க. நாலாவது குத்துல மயங்கி என் மேல சாஞ்சுட்டா. அப்புறம் எப்படியோ நாலு ட்யூப்லயும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாங்க. சாம்பல் மூடி, பச்சை மூடி, மஞ்சள் மூடி, ஊதா மூடி. எடுத்ததும் ஒவ்வொண்ணையும் மேலயும் கீழயும் பத்துத் தடவை ஆட்டினாங்க. கிலுகிலுப்பை ஆட்டுற மாதிரி இருந்துச்சு, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஏன் ஆட்டணும்? உள் சுவர்ல மருந்து பூசியிருக்குமா. அது ரத்தத்துல கலக்கணுமா. ரொம்ப வேகமா ஆட்டினாலும் கெட்டுப் போகுமா. அடேயப்பா, நான் என்னவோ ரத்தத்தை எடுத்து ஏதாவது மெஷின்ல காட்டினா படம் தெரியும்னு நெனச்சேன்.

ராத்திரி பூரா சூட்டுப் பெட்டியில வெப்பீங்களா? அந்தப் பெட்டியா, அந்த மூலைல இருக்கிறது? உடம்புச் சூடா. பாவம், ரத்தம் இன்னும் உடம்புக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சுக்கும். சரி சரி, சொல்லுங்க.

ஒண்ணு சும்மா. ரெண்டுல டிபியோட துணுக்கு. அதுல ரத்தம் சண்டைக்கு வந்தா, அது டிபியை முன்னாடியே பார்த்திருக்குன்னு அர்த்தம். நாலாவதுல? எந்த ரத்தமா இருந்தாலும் சண்டைக்கு வந்தே ஆகணுமா. அது எதுக்கு, வம்புக்கு இழுக்கிறதுக்கா? ஓ... ரத்தத்துக்குச் சண்டை போடத் தெம்பு இருக்கான்னு பார்க்க. அதுலயே பேசாம இருந்துச்சுன்னா, டிபி ட்யூப்ல பேசாம இருந்ததையும் நம்ப முடியாது. ஆமா. ஆமா அக்கா. இதை அன்னிக்கே யாராவது இப்படி உக்கார வெச்சுச் சொல்லியிருந்தா...

ஒண்ணுமில்ல. தண்ணி புரையேறிடுச்சு.

அவளுக்கு அதான் வந்துச்சு. முதல் ரிப்போர்ட், இருக்குன்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல, தீர்மானிக்க முடியலைன்னு. பரீட்சைல ரிசல்ட் நிறுத்தி வெச்சிருக்குன்னு போடுவாங்களே, அந்த மாதிரி. பாஸும் இல்ல ஃபெயிலும் இல்ல. திரும்ப ரத்தம் குடுங்கன்னாங்க. ரெண்டாவது தடவை கையில கிடைக்காம புறங்கையில எடுத்தாங்க, வீங்கின விரலுக்கு மேல. கத்தல, உதட்டைக் கடிச்சுக்கிட்டா, வெளிய வந்து பாத்ரூமுக்குள்ள போய் அரை மணி நேரம் வரல. நான் கதவைத் தட்டினா, இனி ஒரு தடவை குத்தினாங்கன்னா எனக்கு இந்த ஊசியும் வேணாம் விரலும் வேணாம், விட்டுடுங்கன்னா. உள்ள இருந்து சொன்னா.

அந்த மாத்திரைனாலதான் ரத்தம் அப்படிப் பேசாம இருக்குன்னு சொல்றீங்களா, ஸ்டீராய்டுனால? நான் என்ன நெனச்சேன்னா, ரத்தத்துல சத்து இல்ல, சோகை புடிச்ச ரத்தம், அதான் ட்யூப்ல வேலை செய்யலைன்னு நெனச்சேன். பேரீச்சம்பழம் வாங்கிக் குடுத்தேன். சிரிக்காதீங்க.

அந்த ரெண்டாவது ரிப்போர்ட் வரதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டப் போனோம். அவரு நல்லவரு, ஆனா அவருக்கும் மேல ஒரு லிஸ்ட் இருக்கு, இந்த ஊசிக்குக் காத்திருக்கிறவங்க லிஸ்ட். இந்த மாசத்துக்குள்ள டிபி ரிப்போர்ட் வந்து சேரலைன்னா இவ இடம் லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும், மறுபடி முறை வர ஒரு வருஷமும் ஆகலாம்னாரு. ஒரு வருஷம் அக்கா. அவ கடைல முதலாளி ஏற்கெனவே, நீ கவுன்ட்டர்ல பில் போடும்மா போதும்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. பில் போட அந்த விரல் வளைஞ்சாத்தானே.

ரெண்டாவதும் தீர்மானிக்க முடியலைன்னே வந்துச்சு. அப்புறம் மூணாவது ரிப்போர்ட் வந்துச்சு. நெகட்டிவ். நாலாவது ட்யூப்லயும் ரத்தம் நல்லா வேலை செஞ்சிருக்கு, டிபி ட்யூப் ரெண்டுலயும் ஒண்ணுமே இல்ல, சுத்தம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அவ பேரு? நிஜமாவா? ரெண்டு தடவை ஊமையா இருந்த ரத்தம் மூணாவது தடவை அப்படி எகிறிச்சேன்னு ஆச்சரியப்பட்டீங்களா... மாத்திரையைக் குறைச்சிருப்பாங்கன்னு நெனச்சீங்களா. ம். நல்லதா ஒரு ரிசல்ட் போறப்போ உங்களுக்கும் மனசு நிறையும் இல்ல? பார்த்தே இருக்க மாட்டீங்க அந்த ஆளை, ஆனாலும்.

இல்ல. மாத்திரையைக் குறைக்கல.

மணி என்ன? இருபத்தி ஒம்பது. அந்தக் கடிகாரம் நிஜமாவே சரியா ஓடுதா? ஒரே எட்டா எட்டு வெக்குதே.

இன்னிக்குக் காலைல நகப்பூச்சு போட்டுவிடச் சொன்னா அக்கா. மூணு வருஷத்துல முதல் தடவை. இந்த வீங்கின விரலுக்கா, பார்க்குறவன் சிரிப்பான்டின்னேன். இன்னும் ரெண்டு மாசத்துல வீக்கம் வத்திடும், அதுக்குள்ள நகம் வளரட்டும்னா. சிவப்பு. பத்து விரலுக்கும் போட்டு, ஊதி ஊதிக் காய வெச்சு, கூட்டிட்டு வந்தேன். கைப்பையில ஸ்க்ரூடிரைவர் வெச்சிருக்கா, குட்டியா, பல் குத்துற குச்சி அளவு. ஊசி போட்டதும் கைய மடக்கிப் பார்க்குறதுக்காம். பைத்தியம்.

அவ கைப்பை என்கிட்டதான் இருக்கு. இதுதான். உள்ள போறப்போ பிடிச்சுக்கோன்னு குடுத்தா. ஃபோனும் இதுலதான்.

ஃபோன் அடிச்சுது. எடுத்துக்கிட்டு ஊசி ரூமுக்கு வெளிய வந்தேன்.

பத்து பன்னெண்டு இருக்கும். கண்ணாடிக் கடை முதலாளி. நான் எடுத்து, அவ ஊசி போட்டுக்கப் போயிருக்கா, நான் அக்கா பேசுறேன்னேன். அப்படியா, சரிம்மா, அவ வந்ததும் ஒண்ணு சொல்லணும், பதறாதீங்கன்னாரு. பதறாதீங்கன்னு ஒருத்தர் சொன்னாலே பதறத்தானே செய்யும். கடைல பின்னாடி ரூம்ல லென்ஸ் தேய்க்கிறவர் ஒருத்தர் இருக்காரு. இவளுக்குப் பக்கத்து ஸ்டூல். ஜன்னல் கிடையாது, தூசி லென்ஸ்ல ஒட்டுமேன்னு எல்லாத்தையும் அடைச்சு ஏசி போட்டிருப்பாங்க. அந்த மனுஷன் ஏழெட்டு மாசமா இருமிக்கிட்டே இருந்தாரு. எங்க வீட்ல அவருக்குப் பேரே இருமல்காரர்தான். இவ வீட்டுக்கு வந்து அவர் மாதிரி இருமிக் காட்டுவா, லொக்கு லொக்குன்னு, தோளைக் குலுக்கி, நாங்க எல்லாரும் சிரிப்போம். கண்ணாடித் தூசிதான்மா, இருபது வருஷமா இதைத் தேய்க்கிறேன்ல, நெஞ்சுல படிஞ்சிடுச்சுன்னு சொல்வாராம். எல்லாரும் நம்பினாங்க. அவரும்தான் நம்பினாரு பாவம்.

நேத்து ரத்தமா இருமியிருக்காரு. ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. டிபி. நல்லா முத்தினது. கூட வேலை பார்த்தவங்க எல்லாரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க, தங்கச்சிகிட்ட மறக்காம சொல்லிடுங்கன்னாரு. சொல்றேன்னு சொல்லி ஃபோனை வெச்சுட்டேன்.

வெச்சுட்டு நிமிர்ந்தா, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவ என்னைப் பார்த்துக் கையை ஆட்டுறா. சிவப்பு நகம்.

அப்புறம் என்ன பண்ணினேன் தெரியுமா? உள்ள போனேன். நர்ஸம்மாகிட்ட, இவளுக்கு ராத்திரி சளி புடிச்சிருந்துச்சுங்க, லேசா உடம்பு சுட்டுச்சு, இன்னிக்கு ஊசி வேணாமேன்னேன். அவங்க உடனே வாயில தெர்மாமீட்டரை வெச்சுட்டாங்க. காய்ச்சல் இல்ல. மூக்கு ஒழுகல. இவ என்னை முறைக்கிறா. அக்கா, உனக்கென்ன பைத்தியமா, யாருக்குச் சளி, எனக்கா உனக்கான்னு கேக்குறா. நர்ஸம்மா சிரிச்சுட்டு, கூட வரவங்களுக்குத்தான் எப்பவும் பயம் ஜாஸ்தி, நீங்க வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வாங்கம்மான்னு அனுப்பிட்டாங்க. நான் காத்து வாங்க வந்தேன். இங்க வந்து உக்காந்திருக்கேன்.

ஆமா. ஆமா அக்கா, அதையேதான் நீங்க சொல்வீங்கன்னு தெரியும். இதுக்குத்தானே டெஸ்ட் எடுத்தது, நெகட்டிவ்னு வந்தாச்சு, அப்புறம் எதுக்குப் பயம்னு. எத்தனை வாரம் முன்னாடி எடுத்ததா? மூணு வாரம். அந்த ஆளு ஏழெட்டு மாசமா இருமுறதால, ஒட்டியிருந்தா இந்நேரம் ரத்தத்துல தெரிஞ்சிருக்கும், ரிப்போர்ட்டை நம்பலாம்னு சொல்றீங்க. உங்க வேலை மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கு. எனக்கும் இருக்கு. நீங்க தப்பே பண்ணல.

சரி. நான் கேக்க வந்ததைக் கேட்டுடுறேன். முப்பத்தி மூணு ஆயிடுச்சு.

ஒரே வயித்துல பிறந்த ரெண்டு பேரு. ஒரே குரூப் ரத்தம். சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லல, இவளுக்குக் குடல்வால் வெடிச்சு ஆபரேஷன் பண்ணினப்போ, ரத்தம் பத்தலைன்னு என்கிட்டதான் எடுத்தாங்க. டெஸ்ட் எல்லாம் பண்ணிப் பார்த்து, உங்க ரத்தம் அவங்களுக்கு அப்படியே சேரும்னு டாக்டரே சொல்லி எடுத்தாங்க. எடுத்து அவளுக்கு ஏத்தினாங்க. என் ரத்தம் அவ உடம்புல ஓடுச்சு. கண்ணு முழிச்சதும், அக்கா உன் ரத்தம் ஏறினதுல இருந்து எனக்கும் வாய் ஜாஸ்தியாயிடுச்சுன்னா. அப்படி இருக்கிறப்போ, ஒருத்திக்கு டிபி இல்லைன்னா இன்னொருத்திக்கும் இருக்காதுல்ல? ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணி. ஒரே ரத்தம்தானே?

தலையை ஆட்டாதீங்க அக்கா. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.

குரூப் வேற, இது வேற. குரூப் பிறப்புல வரது. இது... அந்த ரத்தம் வாழ்க்கைல யாரைப் பார்த்துச்சுங்கிறதா. யாரோட மூச்சு நம்ம மூச்சுல கலந்துச்சுங்கிறதா. அதை ஒவ்வொரு உடம்பும் தனித்தனியா ஞாபகம் வெச்சுக்குமா. அவ ரத்தம் பார்த்தது அவ ரத்தத்துக்குத்தான் தெரியும். பக்கத்து ஸ்டூல்ல உக்காந்தவளுக்குத்தான்... அப்போ பெட்ஷீட் மடிக்கிறவ ரத்தத்துக்கு அந்த இருமல்காரரைத் தெரியாது. எப்படித் தெரியும். அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே.

இல்ல, வேணாம், கைய விடுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாசிட்டிவ்னு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஊசி கிடையாதுன்னு விரட்டியிருப்பாங்கதானே, காலத்துக்கும்?

மாத்திரையா?

சில மாசம் டிபி மாத்திரை. ஒரு மாசம் சாப்பிட்ட பிறகு, டாக்டர் சரின்னா ஊசியை ஆரம்பிச்சிடுவாங்க. இருக்கா இல்லையான்னு தெரியாமப் போனாக்கூட டாக்டர் வேற வழி பார்த்து முடிவு பண்ணியிருப்பாரு. பாசிட்டிவ் வந்தவங்க எத்தனையோ பேரு அப்படிப் போட்டுக்கிட்டு நல்லா இருக்காங்க. ஒரு மாசம் தள்ளிப் போயிருக்கும்.

ஒரு மாசம்.

அவ்வளவுதானா அக்கா? நான் என்னவோ பாசிட்டிவ்னா கதவை மூடிடுவாங்கன்னு நெனச்சேன். யார்கிட்டயும் கேக்கலையே. வாயாடி வாயாடின்னு பேரு, கேக்க வேண்டிய இடத்துல வாயைத் திறக்கலையே. ஒரு மாசத்துக்காகவா நான்...

இல்ல, அழல. இப்போ அழுறதுக்கு நேரம் இல்ல.

திரும்ப ரத்தம் குடுங்கன்னு மூணாவது தடவை மெசேஜ் என் ஃபோனுக்குத்தான் வந்துச்சு. அவ நம்பர் குடுக்காம என் நம்பரைக் குடுத்திருந்தோம், கடைல ஃபோன் எடுக்க விட மாட்டாங்கன்னு. பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி அவ சொன்னது காதுல இருந்துச்சு. அவகிட்டச் சொல்லல. அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, ரெண்டாவது ரத்தம்தான் தேறிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுட்டு, அவ சீட்டை எடுத்துக்கிட்டு வந்தேன். கவுன்ட்டர்ல புதுசா ஒரு பொண்ணு. பேரைக் கேட்டாங்க, அவ பேரைச் சொன்னேன். பிறந்த தேதி கேட்டாங்க. அந்தத் தேதி எனக்குத் தெரியாதா, வாசல்ல காத்துக்கிட்டு இருந்தவளே நான்தானே. கைய நீட்டினேன். ஒரே குத்து. நாலு ட்யூபும் கடகடன்னு நிறைஞ்சுது. அவ ரத்தத்துக்குத் தெம்பு இல்ல, என்னுதுக்கு இருக்கு, ரெண்டும் ஒண்ணுதானேன்னு... அவங்க பத்துத் தடவை ஆட்டினப்போ எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு அக்கா.

நீங்க பார்த்தது என் ரத்தம்.

ஏன் அப்படிப் பார்க்குறீங்க. திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க. போலீஸுன்னாலும் வரேன், எங்க கூப்பிட்டாலும் வரேன். இப்போ மணி... முப்பத்தி ஏழு. ஃபோனா, ஊசி ரூம் நம்பரா? எனக்குத் தெரியாதே. எடுக்கலையா? மணி அடிக்குது, யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்களா? கையைக் கழுவிட்டு இருப்பாங்க. போடுறதுக்கு முன்னாடி கை கழுவுவாங்கல்ல.

ரெண்டாவது மாடி, லிஃப்ட்டு வேணாம், அது ஒவ்வொரு மாடிலயும் நிக்கும். படி இந்தப் பக்கம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க, சளின்னு பொய் சொன்னவதானே நான். நீங்க வெள்ளைக் கோட்டு போட்டிருக்கீங்க, நீங்க சொன்னா நிறுத்துவாங்க. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன், அது என் பாடு, அவ என் மூஞ்சில முழிக்காட்டியும் பரவாயில்ல. நீங்க ஊசியை மட்டும் நிறுத்துங்க. என்னால உங்க வேகத்துக்கு வர முடியல. எனக்காக நிக்காதீங்க அக்கா. ஓடுங்க. கதவைத் தட்டிக்கிட்டு நிக்காதீங்க, திறந்துக்கிட்டே போங்க!